ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காத கார்

அத்தியாயம் 14

அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்று நான்கு நாள் ஆகிவிட்டது. இருவருக்கும் நடுவில் நடந்து நடந்து மருமகள் நீவெஸ்ஸுக்குத்தான் கால் வலித்தது.

"பின் அச்சு வந்துருச்சான்னு உன் புருஷன்கிட்ட கேளு" என்பார் மாமனார் அரிஸ்தீதெ ஒர்லாந்தினி. அவள் தோட்டத்தைக் கடந்து பட்டறைக்குப் போய்க் கேட்பாள். "வந்துருச்சுன்னு உன் மாமனார்கிட்ட சொல்லு" என்பான் எர்மெஸ். அவன் நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சம் உரக்கச் சொன்னாலே மாமனார் காதில் விழும். ஆனாலும் நீவெஸ் நடந்துதான் ஆகவேண்டும்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் வந்த வினை. ஒர்லாந்தினியின் புது மாடலான ரோந்தினே வெளிவந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வாடிக்கையாளர்களிடமிருந்து ஏழு கடிதங்கள். ஏழிலும் ஒரே புகார்: மலை ஏறினால் வண்டி கொதிக்கிறது. அலுவலகக் கடிதங்களைப் பார்த்துக்கொள்பவள் நீவெஸ். அவள் மேஜை இழுப்பறையில் இருந்த அந்தக் கடிதக் கட்டை எர்மெஸ் எடுத்துவந்து, தொர்த்தெல்லினி சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான். இஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டும், காற்று நுழையும் வண்டியின் முன்வாயை நாலு விரல் அகலப்படுத்த வேண்டும் என்றான்.

அரிஸ்தீதெ கட்டைப் பிரிக்கவே இல்லை. ஒரு விரலால் தள்ளி விட்டார். "ஓட்டத் தெரியாதவங்க எழுதினது" என்றார்.

"ஏழு பேருக்குமா ஓட்டத் தெரியாது?" என்று கேட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து எழுந்து போனவன்தான். அன்றிலிருந்து சாப்பாடும் படுக்கையும் பட்டறை மாடியிலே.

மாமனாரின் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை மோதெனாவில் பால்காரனும் சொல்வான். ஊரில் கார் செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒர்லாந்தினி அவர்களில் சின்னது. பதினைந்து வருஷத்தில் நானூறு கார்கள்கூடச் செய்ததில்லை. ஆனால் ஜெனீவாவில் இருக்கிற வங்கிக்காரரும் ரோமில் இருக்கிற நடிகையும் வரிசையில் காத்திருந்து வாங்கினார்கள் என்றால், அது வாசல் வளைவில் பெரிய எழுத்தில் இருந்த ஒரே வரியால்: ‘ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காத கார்’.

அந்த வரியை வாசலில் வைத்துக்கொண்டு ரேடியேட்டரைப் பெரிதாக்கு என்றால் மனிதர் எப்படிச் சம்மதிப்பார்?

வியாழக்கிழமை காலை அரிஸ்தீதெ இரண்டு தடவை முகச்சவரம் செய்துகொண்டார். மிலானிலிருந்து மோட்டார் வாரப் பத்திரிகைக்காரர் வருகிறார். ஒர்லாந்தினியின் பதினைந்து வருஷத்தைப் பற்றி நாலு பக்கக் கட்டுரை. வந்த ஸனெல்லா ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும். கைகுலுக்கும்போதே பட்டறையை ஒரு சுற்று பார்த்து முடித்துவிட்டார். அதிகம் பேசாதவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று நீவெஸ்ஸுக்குத் தோன்றியது.

காப்பி வந்தது. மாமனார் கதையைத் தொடங்கினார். நாற்பத்தொன்பதாம் வருஷம், இதே ஜூன் மாதம். முதல் ஒர்லாந்தினியை ரோமில் ஒரு ஓபெராப் பாடகருக்குக் காட்ட வேண்டும், பிடித்தால் வாங்குவார். புது நெடுஞ்சாலை எல்லாம் அப்போது ஏது? ஃபூத்தா கணவாய் வழியாகத்தான் மலையைத் தாண்ட வேண்டும். போருக்குப் பிறகு பாதி வீடுகள் இடிந்து கிடந்த வழி. கொளுத்துகிற வெயில். மற்ற வண்டிகள் எல்லாம் வழியோரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. ஒர்லாந்தினி மட்டும் ஏறியது, இறங்கியது, ரோமுக்குப் போய்ப் பாடகர் வீட்டு வாசலில் நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கவில்லை. பாடகர் அங்கேயே வாங்கிவிட்டார். மறுநாளே ரோம் பத்திரிகை ஒன்று அப்படியே எழுதியது. மூன்று மாதத்தில் பன்னிரண்டு பேர் முன்பணம் கட்டிவிட்டார்கள்.

சொல்லும்போது அவர் கை தானாக மேஜையைத் தட்டும். எந்த இடத்தில் தட்டுவார் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஸனெல்லா எழுதி முடித்தார். பிறகு, அந்த வழியிலேயே ரோந்தினேயை ஓட்டிப் பார்க்கலாமா என்று சாதாரணமாகக் கேட்டார்.

நீவெஸ் காப்பித் தட்டை மேஜையிலேயே வைத்துவிட்டாள். மாமனாரோ எழுந்தே விட்டார். இதைவிட அவருக்கு வேறென்ன வேண்டும்?

நானும் வருகிறேன் என்றாள் மாமியார் அர்ஜியா. முதல் காரில் அவளும் ரோமுக்குப் போனவள்தான். அதற்குப் பிறகு அந்த மலைப் பக்கம் அவள் போனதே இல்லை. சமையலறைக்குப் போய், ரொட்டியும் பன்றிக்கறி வறுவலும் பார்மா சீஸும் இரண்டு குப்பி லாம்ப்ருஸ்கோ ஒயினும் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் பின்இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

நீவெஸ் பட்டறைக்கு ஓடி விஷயத்தைச் சொன்னாள். எர்மெஸ் கைகளைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டான். ஒரு பெரிய டின்னில் தண்ணீர் பிடித்து, கொண்டுபோய் வண்டியின் டிக்கியில் வைத்தான். அரிஸ்தீதெ பார்த்துக்கொண்டே இருந்தார். மகன் திரும்பிப் போனதும் தானே டின்னைத் தூக்கி வெளியில் வைத்தார்.

"ஒர்லாந்தினி வண்டியில தண்ணி டின் ஏறினதில்லைன்னு உன் புருஷன்கிட்ட சொல்லு" என்றார்.

இந்தத் தடவை நீவெஸ் நடக்கவில்லை. உள்ளே போய் இழுப்பறையிலிருந்த ஏழு கடிதங்களையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதற்கு எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

போலோஞ்ஞா வரைக்கும் சமவெளி. வண்டி பட்டுப்போல ஓடியது. ஸனெல்லா நன்றாக ஓட்டினார். கியர் மாற்றுவதே தெரியவில்லை. நீவெஸ் அதைக் கவனித்துக்கொண்டே வந்தாள். ஓட்டத் தெரியாதவன் என்று இவரைச் சொல்ல முடியாது.

லொயானோ தாண்டி ஏற்றம் தொடங்கியது. பழைய சாலையில் இப்போது லாரிகளும் வருவதில்லை. செஸ்நட் மரங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஏறியது வண்டி. பத்தாவது வளைவிலோ பதினோராவது வளைவிலோ சூடு காட்டும் முள் மெல்ல எழுந்தது. பின்இருக்கையிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. ஸனெல்லா ஒரு தடவை அதைப் பார்த்தார்.

அரிஸ்தீதெ பேச்சைக் கூட்டினார். ஐம்பத்திரண்டில் தூரின் கண்காட்சியில் கிடைத்த பரிசு, ஐம்பத்தேழில் ஒரு கோமகன் இரண்டு வண்டிகளை ஒரே நாளில் வாங்கிப்போன கதை. முள் ஏற ஏற அவர் குரலும் ஏறியது. மோங்கிதோரோவைத் தாண்டியபோது முள் சிவப்புக் கோட்டில் இருந்தது. அவர் அப்போது கோமகனின் நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணவாய்க்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். பானெட்டின் இடுக்கிலிருந்து முதலில் ஒரு நூல் மாதிரி ஆவி வந்தது. பிறகு புஸ்ஸென்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க வெள்ளை. ஸனெல்லா வண்டியைப் பதறாமல் ஓரம் கட்டி நிறுத்தினார்.

நால்வரும் இறங்கினார்கள். ஒரு குயில் மட்டும் கூவிக்கொண்டிருந்தது.

"அந்தக் கடைசி வளைவுல மூணாவது கியர்ல எடுத்திருக்கக் கூடாது" என்றார் அரிஸ்தீதெ.

"இருக்கலாம் சார்" என்றார் ஸனெல்லா. அவர் நோட்டை எடுக்கவில்லை. அந்த மரியாதைதான் நீவெஸ்ஸுக்குத் தாங்கவில்லை. ஏதாவது கேலியாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. மாமனாரின் கழுத்து சிவந்து, காதுவரை ஏறியது. அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, வெறுமனே மரங்களைப் பார்த்தார். அறுபத்து மூன்று வயது மனிதர். திட்டுவதற்கும் ஆள் கிடைக்காமல் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

அர்ஜியா கூடையைப் புல்லில் வைத்தாள். ஒரு குப்பி லாம்ப்ருஸ்கோவை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள்.

"இந்தா. ஊத்து."

"சாப்பாடு அப்புறம் ஆகட்டும், அர்ஜியா."

"உனக்கு இல்ல. வண்டிக்கு. அதுக்குத்தான் இது பழக்கமாச்சே."

அரிஸ்தீதெ நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது. அர்ஜியா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"பதினஞ்சு வருஷமா வாயைத் திறக்கலை. பெத்த பிள்ளைகிட்டகூடச் சொன்னதில்லை. ஆனா என் பிள்ளை நாலு நாளா என் மேஜையில சாப்பிடலை. இனிமே என்னால முடியாது" என்றாள். பிறகு ஸனெல்லாவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினாள்.

அன்றைக்கும் இதே மலைதான், இரண்டு வளைவு முன்னாலோ பின்னாலோ. இதே மாதிரிதான் புஸ்ஸென்றது. ஆவியில் அவள் தொப்பியின் பூ வாடித் தொங்கிவிட்டது. சுற்றுமுற்றும் ஒரு கிணறு இல்லை, ஓடை வறண்டு கிடந்தது. இருந்த இரண்டு வீட்டுக்கும் கூரை இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ரோமில் இருந்தாக வேண்டும். வண்டியில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பாடகருக்குப் பரிசாகக் கொண்டுபோன, பிரம்புக்கூடை போட்ட பெரிய ஜாடி நிறைய லாம்ப்ருஸ்கோ. அரிஸ்தீதெ ஒரு மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஜாடியைக் கவிழ்த்தார்.

"நுரைன்னா அப்படி ஒரு நுரை. இளஞ்சிவப்பா மேலெல்லாம் பொங்கி வழியுது. இவர் அழுதுக்கிட்டே ஊத்தறார். வண்டிக்காக அழுதாரா ஒயினுக்காக அழுதாரான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. ஃப்ளோரன்ஸ் போய்ச் சேர்ற வரைக்கும் ஊரெல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்துச்சு. கல்யாண வீடு மாதிரி மணம்."

நீவெஸ் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. ஸனெல்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

அரிஸ்தீதெ எழுந்து நின்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் பொய் சொல்லலை" என்றார். "ஒரு சொட்டுத் தண்ணி கேட்கலைன்னுதான் சொன்னேன். கேட்டுதா? கேட்கலை."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உதடு கோணிவிட்டது. அடக்கப் பார்த்தார். பிறகு கல்லில் மறுபடி உட்கார்ந்து, தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். அர்ஜியாவும் சிரித்தாள். பதினைந்து வருஷச் சிரிப்பு இருவருக்கும் பாக்கி இருந்தது.

அப்போதுதான் கீழ் வளைவில் பட்டறையின் சின்ன லாரி முனகிக்கொண்டு ஏறி வந்தது. எர்மெஸ் ஓட்டி வந்தான். பக்கத்து இருக்கையில் அப்பா தூக்கி வெளியே வைத்த அதே டின். அவர்கள் கிளம்பிய கால் மணியில் அவனும் கிளம்பியிருக்கிறான்.

இறங்கியவன் கண்ட காட்சி: ஆவி விடும் கார், புல்லில் புரளாத குறையாகச் சிரிக்கிற அப்பாவும் அம்மாவும், முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருக்கிற பத்திரிகைக்காரர். அவன் மனைவியைப் பார்த்தான். நீவெஸ் சிரித்துக்கொண்டே டின்னைச் சுட்டிக்காட்டி, எடுத்து வா என்று கையை ஆட்டினாள்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. எர்மெஸ் டின்னுடன் நின்றான். அரிஸ்தீதெ வழக்கம்போல மருமகள் பக்கம் திரும்பி, "உன் புருஷன்கிட்ட..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். பிறகு மகனிடம் நேராகவே போனார்.

"கொடு" என்றார்.

டின்னை வாங்கி, வண்டி ஆறும்வரை காத்திருந்து, துணி சுற்றி மூடியைத் திருகி, தன் கையாலேயே ஊற்றினார். ஒர்லாந்தினி ஒன்றுக்கு மற்றவர் பார்க்க அவர் தண்ணீர் ஊற்றியது அதுதான் முதல் தடவை.

"அந்தக் கடுதாசியெல்லாம் எங்க?" என்றார், டின்னைக் கீழே வைத்துவிட்டு.

நீவெஸ் கைப்பையைத் திறந்தாள். அவர் புல்லில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது கடிதத்தில் நின்றுவிட்டார். பார்மாவிலிருந்து ஒரு பல் டாக்டர் எழுதியது. அவர் அம்மாவுக்கு எண்பதாவது பிறந்த நாள். கடலைப் பார்க்க வேண்டும் என்று கிழவி ஆசைப்பட்டிருக்கிறாள். ச்சீஸா கணவாயில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் வெயிலில். கடலைப் பார்க்காமலே திரும்பினார்கள். ‘நான்தான் சரியாக ஓட்டவில்லை போலும், உங்கள் வண்டி தண்ணீரே கேட்காது என்பது உலகம் அறிந்தது’ என்று முடித்திருந்தார் டாக்டர்.

அரிஸ்தீதெ அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்ததை நீவெஸ் பார்த்தாள்.

"தப்பு தன்னோடதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்" என்றார் மெதுவாக. "என் வாசல்ல எழுதி இருக்கறதை நம்பி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எர்மெஸ், எத்தனை விரல் சொன்னே?"

"நாலு."

"வண்டியோட முகம் கெட்டுப்போகும்."

"கெடாதுப்பா. வரைஞ்சு வெச்சிருக்கேன்."

"எங்க?"

எர்மெஸ் லாரியிலிருந்து ஒரு சுருளை எடுத்து வந்தான். தண்ணீர் டின்னோடு வரைபடத்தையும் எதற்குக் கொண்டு வந்தான் என்று அப்பா கேட்கவில்லை. லாரியின் பக்கப் பலகையில் விரித்துப் பிடித்தார்கள், ஒரு முனையை அவர், ஒரு முனையை இவன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள். சண்டை மாதிரிதான் இருந்தது. ஆனால் அர்ஜியா நிம்மதியாக ரொட்டியை நறுக்கத் தொடங்கினாள்.

சாப்பிடும்போது ஸனெல்லா நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். பார்த்ததை எழுதாமல் இருக்கத் தன்னால் முடியாது என்றார், வருத்தத்தோடுதான். பத்திரிகை அடுத்த வியாழன் கடைக்கு வந்துவிடும்.

எர்மெஸ் மெல்லுவதை நிறுத்தினான். அரிஸ்தீதெ கிளாஸில் இருந்த ஒயினை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எழுதுங்க. கொதிச்சு நின்னதையும் எழுதுங்க, ஜாடி கதையையும் எழுதுங்க. ஆகஸ்ட்ல ஒரு நாள், நல்ல வெயில்ல, இந்த ஏழு பேரையும் இதே மலைக்குக் கூப்பிடப் போறேன். புது ரேடியேட்டரோட. அன்னிக்கும் நீங்க வந்து, அதையும் எழுதணும்" என்றார். "ஒண்ணு மட்டும். அது சொர்பாரா ஊர் லாம்ப்ருஸ்கோ. வெறும் ஒயின்னு எழுதிடாதீங்க."

ஆகஸ்டில் விடுமுறைக்குப் பட்டறையே மூடியிருக்கும், இரண்டு மாதத்தில் எப்படி முடியும் என்று எர்மெஸ் கேட்டான். முடியும் என்றார் அப்பா. எப்படி என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் ஸனெல்லாவை ரயிலேற்றிவிட்டு வந்ததும் நீவெஸ் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் சுருட்டினாள். ஜன்னலில் இன்னும் நல்ல வெளிச்சம். மாமனார் நின்றுகொண்டே சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். பதினொரு வருஷமாக அவருக்குக் கடிதம் அடிக்கிறாள். ‘தவறு எங்களுடையது’ என்று தொடங்கும் கடிதத்தை முதன்முதலாக அடித்தாள். பல் டாக்டருக்கு மட்டும் ஒரு வரி கூடுதல்: ஆகஸ்டில் அம்மாவையும் அழைத்து வரவும், மலை தாண்டிக் கடல் வரைக்கும் எங்கள் செலவில் போகலாம்.

ஏழும் முடிந்தன. எர்மெஸ் கதவருகே சாய்ந்து நின்றிருந்தான், கை கழுவி, சட்டை மாற்றி. வீட்டில் சாப்பிட வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"இன்னொண்ணு அடிம்மா" என்றார் அரிஸ்தீதெ. "ரோமுக்கு. அந்தப் பாடகருக்கு. இத்தனை வருஷமா என்னை நம்பிக்கிட்டிருக்கார். பத்திரிகையைப் பார்த்து அவர் தெரிஞ்சுக்கக் கூடாது. நானே சொல்லிடறேன்."

சாப்பிடக் கூப்பிட வந்த அர்ஜியா வாசற்படியில் நின்றாள்.

"அவருக்கு எழுத வேண்டாம்."

"ஏன்?"

"அவருக்குத் தெரியும். வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே தெரியும். நான்தான் சொன்னேன்."

அரிஸ்தீதெ மனைவியைப் பார்த்தார்.

"தெரிஞ்சுமா வாங்கினார்? எதுக்கு?"

அர்ஜியாவின் முகம் சிவந்தது. மாமியார் வெட்கப்பட்டு நீவெஸ் பார்ப்பது இதுவே முதல் தடவை. ஏப்ரனில் இல்லாத மாவைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"சூப் பொங்கிடும்" என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் சமையலறைப் பக்கம் வேகமாக நடந்தாள்.